பாடம் இலவசம், நேரம் நம்முடையது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போனில், "ரோடு வேலையில இருக்கியே, அதைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார். "சார், ரோட்டைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், குழியில் விழாதவர் யார்? ரோடு போடுகிறவன் வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று பேசுகிறேன்" என்றேன். சரி என்றார்.

நான் சிவில். ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சைட் இன்ஜினியர். வேலை முடிந்தால் அடுத்த சைட். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வருஷம், அனந்தபூர் பக்கம் ஒன்றரை வருஷம், இப்போது ஹூப்ளி பக்கம். மகளுக்கு முதலில் தமிழ், பிறகு தெலுங்கு, அதன் பிறகு கன்னடம். பாதி வருஷத்தில் சேர்வாள். எழுத்து பிடிபடுவதற்குள் நாங்கள் மூட்டை கட்டுவோம். நான்காம் வகுப்பு முடிந்தபோது கேட்டாள்: "அப்பா, அடுத்த ஸ்கூல்லயும் நான் கடைசி பெஞ்ச்தானா?" அன்று இரவு நானும் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். சைட் மாறுவது நிற்கும் வரை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்தோம். இப்போது அவளுக்குப் பதினோரு வயது. இரண்டு வருஷமாக வீட்டில்தான் படிப்பு.

"சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வே?" என்று என் மாமனார் முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக் கல்வியை அங்கீகரிக்கும் தனிச் சட்டமோ தண்டிக்கும் தனிச் சட்டமோ நம் நாட்டில் இல்லை. இதைத் தெரிந்து கொண்டே இறங்க வேண்டும். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. படிப்பு விட்டுப் போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வர சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்பது அது. ஆக, திரும்பிப் போக வழி இருக்கிறது.

இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய என்.ஐ.ஓ.எஸ். மூலம் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட முடிக்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு, ஓசி இல்லை. எந்தக் கதவு வழியாக வெளியே வரப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் எவரும் இதில் இறங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சரி, பாடத்துக்கு வருவோம். இன்டர்நெட்டில் தேடினால் இலவசம், இலவசம் என்று கொட்டுகிறது. முதல் மாதம் பத்துப் பதினைந்து இடங்களைப் பார்த்துவிட்டு, ஐந்தை மட்டும் வைத்துக் கொண்டோம்.

முதலாவது, நம் தமிழ்நாட்டு அரசுப் பாடநூல். எல்லா வகுப்புக்கும் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கிறது. 2018-இல் வந்த புதிய புத்தகங்களிலிருந்து க்யூ.ஆர். கோடும் இருக்கிறது. போனில் காட்டினால் அந்தப் பாடத்தின் விளக்கம் வரும். 2019-இல் தொடங்கிய கல்வி டி.வி.யின் பாடங்கள் யூடியூபிலும் உண்டு. என்ன படிக்க வேண்டும், எந்த வரிசையில் என்பதற்கு இந்தப் புத்தகம்தான் எங்கள் டிராயிங்.

இரண்டாவது, கணக்குக்குக் கான் அகாடமி. எம்.ஐ.டி.யில் படித்த சல்மான் கான் 2004-இல் தொலைவில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தர ஆரம்பித்தது, பிறகு உலகத்துக்கே ஆனது. ஒரு படி பிடிபட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். அவசரப்படுத்த வகுப்பு இல்லை. என் மகள் பின்னத்தில் மட்டும் ஆறு வாரம் இருந்தாள். பள்ளியில் யார் ஆறு வாரம் காத்திருப்பார்கள்?

மூன்றாவது, வாசிப்புக்கு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். படங்களோடு கதைகள், நான்கு நிலைகளாக, தமிழ் உட்படப் பல மொழிகளில். தமிழ் எழுத்தைக் கற்கும் சின்னக் குழந்தைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மழலைக் கல்வியும் உண்டு. வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. பேட்டரி, பல்பு, ஒயரைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். பியூஸ் போனாலும் வார்டனிடம் திட்டு வாங்க வேண்டாம்!

ஐந்தாவது, அரவிந்த் குப்தாவின் பொம்மைகள். 1975-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் முடித்த நம் இனத்து ஆள், இன்ஜினியர்! தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்தே முக்கோணம் ஏன் வளையாது, சதுரம் ஏன் சாய்கிறது என்று காட்டிவிடுவார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ட்ரஸ் என்றால் என்ன என்று நான் மூன்றாம் செமஸ்டரில் படித்ததை என் மகள் பத்து வயதில் கையால் தொட்டுத் தெரிந்து கொண்டாள்.

இவ்வளவும் இலவசம். ஆனால் நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சில ஒப்பந்தங்களில் சிமெண்டும் கம்பியும் டிபார்ட்மெண்டே இலவசமாகத் தரும். அதனால் கட்டடம் தானாக எழும்புமா? கலவை போட ஆள் வேண்டும், தண்ணீர் ஊற்றிக் க்யூரிங் பார்க்க ஆள் வேண்டும். பாடமும் அப்படித்தான். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என் மனைவி பக்கத்தில் உட்காருகிறார். பி.எஸ்சி. முடித்தவர், பி.எட். சேர இருந்ததைத் தள்ளி வைத்திருக்கிறார். எங்கள் கணக்கில் பெரிய செலவு அதுதான். எந்த இணையதளமும் அதை பில்லில் காட்டாது. அடுத்த வருஷம் அவர் சேர வேண்டும் என்பதற்காகவே, என் மாலை நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் இப்போதே பாடத்துக்கு மாற்றி வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சைட்டின் லேபர் கேம்பில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. என் மகளோடு விளையாட வரும் பையன் ஒருவன், டேப்லெட்டில் ஒடியா எழுத்தில் கதை வந்ததும் வாயைப் பிளந்து நின்றான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். அவனும் என் மகளைப் போல ஊர் ஊராகப் போகிறவன்தான். வித்தியாசம், அவன் அப்பா அம்மா இருவரும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பாடம் அவனுக்கும் இலவசம். பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை. அந்த 4-ஆம் பிரிவைச் சொல்லிப் பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டோம். தலைமையாசிரியர் அன்போடு சேர்த்துக் கொண்டார். மாலையில் ஒரு மணி நேரம் அவனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் மகளோடு படிக்கிறார்கள். தனியாகப் படிக்கிறோமே என்ற குறை அவளுக்கும் கொஞ்சம் தீர்ந்தது.

எல்லோரும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பள்ளி பக்கத்தில் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் உடம்பு முடியாத பிள்ளை, ஊர் மாறும் பிள்ளை, வகுப்பில் பின்தங்கிய பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கும். நான் சொன்ன ஐந்தும் அவர்களுக்கும் உதவும்.

தம்பி தங்கைகளே, செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகும்போது வாரத்தில் ஒரு மணி நேரம் அப்படி ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். மூத்தவர்களே, சைட்டில் இருப்பவர்கள் கேம்பில் ஒரு விளக்கும் ஒரு பாயும் போடுங்கள். சிமெண்ட் வந்து இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றத்தான் கை வேண்டும்.