சிவந்த வானமும் பிள்ளையின் கேள்வியும்



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே!

2024ஆம் ஆண்டு மே மாதம் 10, 11ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில், லடாக்கின் ஹன்லே வானாய்வு நிலையக் கெமராக்கள் வட அடிவானத்தில் மங்கலான செந்நிற ஒளியைப் பதிவு செய்தன. துருவ நாடுகளுக்கே உரியதென நாம் படித்த துருவ ஒளி அத்துணை தெற்கே தென்பட்டது. அப்படத்தைக் கைத்தொலைபேசியிற் கண்டு, "வாப்பா, வானம் சிவந்திருக்கிறதே, இது அழிவின் அடையாளமா?" என்று பதுளையில் ஒரு பிள்ளை கேட்டால், நாம் கூறும் விடை யாது?

நடந்ததை முதலில் அறிவோம். அந்த வாரம் சூரியனிலிருந்து பெரும் வெடிப்புகள் எழுந்தன. அவை வீசிய இலத்திரன்களும் புரோத்தன்களும் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தை ஏறத்தாழ இரண்டு நாட்களிற் கடந்து வந்து, பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கின. 2003ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மிக வலிய காந்தப் புயல் இதுவாகும். அதனால் வேகம் பெற்ற இலத்திரன்கள் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள ஒட்சிசன் அணுக்களில் மோதின. மோதலிற் பெற்ற சக்தியை அவ்வணுக்கள் ஒளியாக வெளியிட்டன.

சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் அவ்வொளி பச்சை. 200 கிலோமீற்றருக்கு மேல் சிவப்பு. சிவப்பொளியைத் தர ஓர் அணு ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தியானதால், அதற்குள் அணு அயலணுவோடு மோதிச் சக்தியை இழந்துவிடும். உயரத்திலோ அதற்கு இடையூறில்லை. அவ்வளவு உயரத்தில் எழுவதாலேயே அச்சிவப்பு தொலைதூர லடாக்கிலிருந்தும் அடிவானத்தில் தெரிந்தது.

மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை அறியாது. கெமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து நிறத்தைக் காட்டும். எனவே படத்தின் பிரகாசத்தைக் கண்டு, வானமே தீப்பற்றியதென எண்ணலாகாது.

நம் இலங்கைக்கு அருகே காந்த நடுக்கோடு செல்கிறது. இங்கு காந்தக் கோடுகள் ஏறத்தாழக் கிடையாக இருப்பதால், அத்துகள்கள் நம் வானில் இறங்க வழியில்லை. நமுனுகுலை மலைமேல் துருவ ஒளி தோன்றியதென ஒரு படம் வந்தால், விசாரியாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். எனினும் நம் வானமும் முற்றிலும் இருளன்று. பகலில் சூரிய ஒளியாற் பிரிந்த ஒட்சிசன் அணுக்கள் இரவில் மீண்டும் இணைகையில், கண்ணுக்கு எட்டாத மெல்லிய ஒளி பிறக்கிறது. சில இரவுகளில் அதற்கும் மேலேயுள்ள செவ்வொளியில் கரும் பட்டைகள் கிழக்கு நோக்கி நகர்வதைக் கருவிகள் காட்டுகின்றன. தொலைபேசியில் நாம் இடமறியப் பயன்படுத்தும் செய்மதிச் சைகைகளைத் தடுமாறச் செய்யும் மின்னேற்றக் குமிழிகள் அவையே.

அருமை நேயர்களே! நபி (ஸல்) அவர்களின் அன்புச் செல்வன் இப்றாஹீம் மரணித்த நாளிற் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தாலேயே கிரகணம் நிகழ்ந்ததென மக்கள் பேசினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மகனை இழந்த துயரிலும், தமக்குப் பெருமை சேர்க்கக்கூடிய ஒரு தவறான கருத்தை அவர்கள் வாழவிடவில்லை. அந்த நேர்மையன்றோ நமக்குப் பாடம்!

ஆகவே பிள்ளையின் கேள்வியை அச்சத்தால் அடக்காதீர்கள். விடை தெரியாவிடின், "எனக்குத் தெரியாது மகன், இருவரும் தேடிப் பார்ப்போம்" என்று கூறுங்கள். நிலவற்ற ஓரிரவு, இஷாவுக்குப் பின், பிள்ளையை வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விளக்கையும் தொலைபேசியையும் அணைத்துவிட்டு இருபது நிமிடங்கள் பொறுத்திருங்கள். முதலிற் காணாத விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அறிவும் அவ்வாறே பொறுத்தவருக்குப் புலப்படும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.