தெருவுக்கு ஒருவர்

பொதுச் சுகாதாரத்திற்கெனச் சென்னை மாகாணம் 1939-இலேயே சட்டம் இயற்றியது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்க ஊழியர் வீடு தேடியே வருகின்றனர். எனினும், தறியை விட்டு எழுந்தால் கூலி குறையுமென்று எங்கள் ஆர்.கே.பேட்டை நெசவாளர் ‘நாளை பார்ப்போம்’ என்பார். அந்த நாளையே சிலருக்குப் பக்கவாதமாக வந்துவிடுகிறது.

அவருக்கு எடுத்துச் சொல்லத் தெருவுக்கு ஒருவர் வேண்டும். குடிநீர் கெட்டால் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டியவரும் அவரே. நோய்க்கு எல்லைக்கல் தெரியாது. ஆகையால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆந்திரத்து நகரிவரை இத்தகையோர் தமிழிலும் தெலுங்கிலும் ஒருவருக்கொருவர் செய்தி அறிவித்துக்கொள்ளுதல் வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய நான் என் தெருவுக்குப் பொறுப்பேற்கிறேன். உங்கள் தெருவுக்கு யார்?