திபிலிசியில் ஓர் இரவு உணவு

பசியோடு அமர்ந்திருக்கும் மனிதனுக்குக் கடிகாரத்தின் முள் நகர்வதே இல்லை. இதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். ஆனால், அந்தத் தாமதத்தில் சமையலறையின் பங்கு எவ்வளவு, நம் மனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில், கூட்டம் மிகுந்த ஓர் உணவு விடுதியில் கிடைத்தது.

காக்கசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடலின் கிழக்குக் கரையில் உள்ள சிறிய நாடு ஜார்ஜியா. பெரிய மண்தாழிகளை நிலத்தில் புதைத்துத் திராட்சை மதுவைப் பக்குவப்படுத்தும் அந்நாட்டாரின் பழைய முறையை, மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்றது. விருந்தினன் கடவுள் அனுப்பியவன் என்பது அவர்களுடைய முதுமொழி. இத்தகைய நாட்டில், விடுதிகளில் உணவு வர வெகுநேரமாகிறது என்று வெளிநாட்டுப் பிரயாணிகள் குறை கூறுகிறார்கள். இது எப்படி என்று அறிய விரும்பினேன்.

அது திராட்சை அறுவடை நடக்கும் இலையுதிர் காலம், சனிக்கிழமை மாலை. அங்கே மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான திருநெல்வேலித் தம்பி என்னுடன் வந்திருந்தார். குரா ஆற்றின் கரையிலுள்ள பழைய நகரப் பகுதியில் நாங்கள் விடுதிக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. எங்கள் உணவு மேஜைக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டே முக்கால்!

எங்களைச் சுற்றி இருந்தவர்களின் நிலையும் அதுதான். வலப்புறம் இருந்த இளந்தம்பதிக்கு முதலில் வரவேண்டிய தக்காளி வெள்ளரிக் கலவை கடைசியில் வந்தது. கணவர் உண்டு முடித்த பிறகே மனைவியின் தட்டு வந்தது. இடப்புறம் ஒரு தாய் இரண்டு குழந்தைகளுடன் அமர்ந்திருந்தார். அவர் பலமுறை கையை உயர்த்தினார். பரிமாறும் பெண் அவர் பக்கம் திரும்பாமலே கடந்து சென்றார். நடுவில் இருந்த நீண்ட மேஜையில் உள்ளூரார் பன்னிரண்டு பேர். அவர்களுக்கும் உணவு தாமதமாகவே வந்தது. ஆயினும் அவர்களுள் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“இங்கே உணவு வேறு விதமாகத் தயாராகிறது, ஐயா” என்றார் தம்பி. நாங்கள் கேட்டிருந்தது ‘கின்காலி’ என்னும் பண்டம். நம் கொழுக்கட்டையைப் போன்றது. மாவை வட்டமாகத் தேய்த்து, இறைச்சியோ காளானோ உள்ளே வைத்து, ஓரங்களைப் பல மடிப்புகளாகச் சேர்த்து, மேலே குடுமிபோல் முறுக்குவார்கள். கொதிநீரில் ஏறக்குறைய பத்து நிமிஷம் வேகவேண்டும். உள்ளே ஊறும் சாறுதான் அதன் சுவை. முன்னதாக வேகவைத்து அடுக்கினால் மாவு ஒட்டிக் கிழிந்துவிடும், சாறும் போய்விடும். ஆகவே கேட்ட பிறகுதான் பானையில் இடவேண்டும். பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துச் சுடும் ‘கச்சாப்புரி’ என்னும் ரொட்டியும் அடுப்பிலிருந்து நேரே மேஜைக்கு வரவேண்டியது. நம் ஊரில் இட்லி மாவு முதல் நாளே அரைபட்டுப் புளித்துக் காத்திருக்கிறது. அங்கே காத்திருக்கும் பொறுப்பு உண்பவருடையது.

வழக்கமும் ஒரு காரணம். ஜார்ஜியரின் விருந்துக்குச் ‘சுப்ரா’ என்று பெயர். அதற்கு ‘தமதா’ என்னும் தலைவர் ஒருவர் உண்டு. அவர் அமைதிக்காகவும், மறைந்தோர் நினைவுக்காகவும், பெற்றோருக்காகவும், விருந்தினருக்காகவும் ஒன்றன்பின் ஒன்றாக வாழ்த்துரை கூறுவார். தட்டுகள் தயாராகும் வரிசையில் வந்துகொண்டேயிருக்கும். எல்லாம் எல்லோருக்கும் பொது. முதலில் இது, பிறகு அது என்னும் ஒழுங்கு அங்கே முக்கியமன்று. வலப்புறத் தம்பதி தமக்கென்று தனித்தனித் தட்டுகளைக் கேட்டார்கள். சமையலறையோ ஒரே மேஜைக்கு அனுப்புவதாக எண்ணி அனுப்பியது. அவர்களுடைய மனத்தாங்கலுக்கு வேர் இதுவே.

இனி, கூட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலை ஆராய்ந்து 1909-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. அதன் எளிய சூத்திரம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். ஒரு சமையலறை மணிக்குச் சராசரி 20 மேஜைகளின் உணவை ஒன்றன்பின் ஒன்றாகத் தயாரிக்க வல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கற்ற இடைவெளிகளில் மணிக்கு 16 மேஜைகளின் கட்டளைகள் வந்தால், ஒரு மேஜை சராசரியாக 15 நிமிஷம் காத்திருக்கும். 18 வந்தால் 30 நிமிஷம். 19 வந்தாலோ ஒரு மணி நேரம்! பதினெட்டுக்குப் பின் வந்தது ஒரே ஒரு மேஜைதான். காத்திருக்கும் நேரமோ இருமடங்காகிவிட்டது. சனிக்கிழமை இரவில் ஒரு விடுதி திடீரெனத் திணறுவதற்கு யாருடைய சோம்பலும் காரணமாக இருக்கவேண்டியதில்லை.

அப்படியானால், நீண்ட மேஜையினர் எப்படி மகிழ்ந்திருந்தார்கள்? இதற்கு விடை காண உதவும் உளவியல் அறிஞர் ஒருவர் அதே நகரில் வாழ்ந்தார். அவர் பெயர் திமித்ரி உஸ்னாத்ஸே. 1918-ல் தொடங்கப்பெற்ற திபிலிசிப் பல்கலைக்கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர், 1950-ல் மறைந்தார். கண்ணை மூடிய ஒருவரின் ஒரு கையில் பெரிய உருண்டையையும் மறு கையில் சிறிய உருண்டையையும் அவர் பலமுறை கொடுத்தார். பிறகு இரு கைகளிலும் சம அளவுள்ள உருண்டைகளைக் கொடுத்தார். அப்போதும் அவை சமமல்ல என்றே தோன்றியது. முன்பு பெரியதைப் பற்றிய கைக்கு இப்போதுள்ள உருண்டை சிறியதாகப் பட்டது. பழக்கம் நம்முள் ஓர் ஆயத்த நிலையை உண்டாக்கிவிடுகிறது. புதியதையும் அதைக்கொண்டே அளக்கிறோம் என்பது அவருடைய கொள்கை. பத்து நிமிஷத்தில் சிற்றுண்டி வந்து பழகிய நான், அந்த ஆயத்தத்தோடுதான் திபிலிசியில் அமர்ந்தேன். விடுதிக்கு வந்ததே இரவு முழுவதும் பேசியிருப்பதற்காக என்பது நீண்ட மேஜையினரின் ஆயத்தம்.

எனினும், எல்லாப் பழியையும் நம் மனத்தின்மீது போட்டுவிடுவது நியாயமாகாது. வீட்டு விருந்தில் விருந்தினன் காசு கொடுப்பதில்லை. விடுதியிலோ ரசீதின் அடியில் சேவைக் கட்டணம் சேர்ப்பது அந்நாட்டில் பல இடங்களில் வழக்கம். கட்டணம் வாங்குகிறவர், தாமதத்துக்கு மரபை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. காத்திருப்பவரின் மனத்தைப் பற்றி அமெரிக்காவில் டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று அறியாத காத்திருப்பும், காரணம் கூறப்படாத காத்திருப்பும், வேலையின்றிச் சும்மா இருக்கும் காத்திருப்பும் நீண்டு தோன்றும் என்று அதில் விளக்கினார். இடப்புறம் இருந்த தாய்க்கு இம்மூன்றும் ஒருங்கே நேர்ந்தன.

எட்டரை மணிக்கு இளைய குழந்தை அவர் தோளில் உறங்கிவிட்டது. அவர் எழுந்தார், மூத்த குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, ஒன்றும் உண்ணாமலே வெளியேறினார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஆவி பறக்கும் கச்சாப்புரி அந்த மேஜைக்கு வந்தது. பரிமாறும் பெண் தட்டைக் கையில் ஏந்தியபடி வெறும் நாற்காலிகளைப் பார்த்து நின்றார். அவருக்கு வயது இருபது இருக்கலாம்.

பின்பு எங்களிடம் வந்தபோது தம்பி ஜார்ஜிய மொழியில் ஏதோ கேட்டார். உடன் வேலை செய்யும் இருவர் அன்று வரவில்லை என்றும், பதினான்கு மேஜைகளைத் தாம் ஒருவரே கவனிப்பதாகவும் அப்பெண் கூறினார். “பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் பார்க்கவில்லை” என்றாராம்.

என் கோபம் அந்த இடத்திலேயே தணிந்தது. ஆனால் வருத்தம் கூடியது. அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லியிருந்தால் போதுமே! “ஒரு மணி நேரம் ஆகும்” என்று அறிந்திருந்தால், அந்தத் தாய் முன்னதாகவே சமைத்து வைக்கப்படும் அக்ரூட் பருப்பு விழுதிட்ட கத்தரிக்காயையோ, மண்சட்டி அவரையையோ கேட்டுக் குழந்தைகளின் பசியை ஆற்றியிருப்பார். அல்லது வேறு இடம் தேடிப் போயிருப்பார். பதில் தெரியாத ஓர் இளம் பெண்ணைப் பதினான்கு மேஜைகளுக்கு நடுவே விட்டுவிட்ட முதலாளியும், வாயிலில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அன்பர்களே, இலையில் சோறு விழுவதற்கு முன்பே உபசாரம் தொடங்கிவிடுகிறது. வந்தவரின் முகத்தைப் பார்த்து, “சற்றுப் பொறுங்கள், இன்ன நேரமாகும்” என்று சொல்வதே அதன் தொடக்கம். நீங்கள் என்றேனும் திபிலிசி செல்ல நேர்ந்தால், அமர்ந்தவுடன் “எவ்வளவு நேரமாகும்?” என்று கேளுங்கள். கின்காலி வர நாழியாகும். ஆனால் காத்திருக்கத் தக்கது. பசித்த குழந்தை உடன் இருந்தால் மட்டும், கையில் சிறிது ரொட்டி வைத்திருங்கள்.