போகிக்கு முன்னால் ஒரு தீர்மானம்



காற்று மாசு என்று சொன்னதும் நாம பூந்தமல்லி ரோட்டைத்தான் கை காட்டுறோம். மெட்ரோ வேலைத் தூசி, பஸ் புகை, லாரி புகை. உண்மைதான். ஆனா நம்ம காலி மனையில எரியுதே குப்பை, அதை யார் கொளுத்துறது? ரெண்டு நாள் வண்டி வரலைன்னா பை பையா சேருது, நாய் இழுத்துப் போடுது, யாரோ தீக்குச்சி கிழிக்கிறாங்க. வண்டி வந்தாலும், சோறும் பால் கவரும் நாப்கினும் ஒரே பையில கட்டிக் கொடுத்தா தூய்மைக் காவலர் அதை எப்படிப் பிரிப்பாங்க? புகையில நிக்கிறதும் முதல்ல அவங்கதான்.

தெருவில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016-இலேயே திடக்கழிவு மேலாண்மை விதி வந்துவிட்டது. எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று அதே வருடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. (நம்ம தெருவுல யாரும் கட்டி நான் பார்த்ததில்லை, அது வேற கதை.)

இதெல்லாம் ஒரே நாளில் கூடிவருவது போகி அன்றைக்கு. 2018 போகியில் புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. இப்போ சென்னை மாநகராட்சி போகிக்கு முன்னாடியே பழைய துணி, டயரை எரிக்காம எங்ககிட்ட கொடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிறாங்க. போரூர் வரைக்கும் மாநகராட்சி; அதைத் தாண்டினா நாம ஊராட்சி. புகைக்கு அந்த எல்லை தெரியுமா?

நம்ம ஊராட்சியும் போகிக்கு முந்தின வாரம் தெருத்தெருவா வண்டி அனுப்பட்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரிச்சுக் கொடுக்கிறதும், டயர் எரிக்கிற பசங்களைத் தடுக்கிறதும் நம்ம பொறுப்பு. வண்டி வராம நம்மளை மட்டும் பிரின்னு சொன்னா நடக்காது. நாம பிரிக்காம வண்டி மட்டும் வந்தாலும் நடக்காது.

குழுவில் தீர்மானம் எழுதாம பேங்கில் பணம் எடுப்போமா? கிராம சபையும் அப்படித்தான். வாயால சொன்னது காத்தோட போயிடும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபைக்குக் குழுவுக்கு மூணு பேராவது வாங்க. நாம கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படிச்சுக் காட்டச் சொல்லிட்டு, அப்புறமா கையெழுத்துப் போடுங்க.