ராக்ஹில் பட்டறையின் ஜீர்ணோத்தாரணம்

ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லைக் கோயில்களின் விஷயத்தில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சிதிலமடைந்த மண்டபத்தைத் தாங்கி நிறுத்தி, பழைய கற்களையே கூடுமானவரை மீண்டும் அடுக்கி, மூலவரின் சாந்நித்தியம் குலையாதபடி ஆலயத்தைப் புதுப்பிப்பதற்கு அப்பெயர். இன்று நான் சொல்லப் புகுவதும் ஒரு ஜீர்ணோத்தாரணத்தின் வரலாறுதான். ஆனால் அங்கே கர்ப்பக்கிருகத்தின் ஸ்தானத்தில் இருப்பது ஒரு கொல்லுலை, மூலவராக எழுந்தருளியிருப்பது எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு லேத் யந்திரம், திருப்பணி செய்பவர்களோ கூலி பெறாமல் சம்மட்டியும் மண்வெட்டியுமாக வந்து நிற்கும் சாதாரண மனிதர்கள்.

அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில், மலைத்தொடர்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஹண்டிங்டன் மாவட்டத்தில், ராக்ஹில் ஃபர்னஸ் என்றொரு சிற்றூர் உண்டு. இரும்பு உருக்கும் உலையினால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வழியே செல்லும் ஈஸ்ட் பிராட் டாப் என்னும் ரயில் பாதைக்கு 1856-இலேயே அரசாங்கச் சாசனம் கிடைத்துவிட்டபோதிலும், மண் வெட்டும் வேலை 1872-இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு மவுண்ட் யூனியன் நகரிலிருந்து ராக்ஹில் வரையிலும், 1874-இல் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ராபர்ட்ஸ்டேல் வரையிலும், இரண்டு குகைப்பாதைகளைக் குடைந்துகொண்டு, சுமார் 33 மைல் தூரத்துக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது.

தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் மூன்றே அடி. அதாவது நாம் அறிந்த மீட்டர் கேஜைவிடவும் மூன்று அங்குலத்துக்கு மேல் குறுகியது. மலைப்பாங்கான பூமியில் இத்தகைய பாதைக்கு அனுகூலம் அதிகம்: பாறையைக் குறைவாக வெட்டினால் போதும், வளைவுகளைக் கூர்மையாக அமைக்கலாம், செலவு சுருங்கும். ஆனால் சுருங்கிய செலவு பின்னர் வேறொரு ரூபத்தில் வந்து வாசலில் நின்றது. மவுண்ட் யூனியனை அடைந்ததும், பென்ஸில்வேனியா ரயில்வே என்ற பெருநிறுவனத்தின் அகலப் பாதைக்குச் சரக்கு மாறியாக வேண்டும். 1930-களில் அதற்கு ஒரு வினோதமான யுக்தியைக் கையாண்டார்கள். பெரிய பாதையின் வண்டிப் பெட்டியைப் பளுதூக்கியால் உயர்த்தி, அதன் அடியிலிருந்த சக்கர வண்டிகளை உருவிவிட்டு, குறுகிய பாதைக்குரிய சக்கர வண்டிகளைப் புகுத்தி, மலைக்குள் அனுப்பிவைத்தார்கள். பெரியவனின் உடம்பும் சிறியவனின் கால்களுமாக அந்தப் பெட்டிகள் அசைந்து சென்ற கோலத்தைப் பழைய புகைப்படங்களில் பார்க்கையில் சிரிப்பு வராமல் இராது.

தனிக்குடித்தனம் போனவன் அம்மியையும் உரலையும் தானே தேடிக்கொள்ள வேண்டும் அல்லவா? அகலம் வேறுபட்ட ஒரு பாதைக்கு அண்டை வீட்டில் இரவல் வாங்க வழியில்லை. ஆகவே ராக்ஹில்லில் அந்தக் கம்பெனி தனக்கென்று ஒரு பட்டறைக் குடியிருப்பையே உண்டாக்கிக்கொண்டது. உலோகத்தை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலை, கொல்லர் கூடம், தச்சர் கூடம், வர்ணம் பூசும் கொட்டகை, கொதிகலன் அறை, எஞ்சின்களை நிறுத்தும் எட்டுத் தொழுவங்கள் கொண்ட வட்டக் கொட்டகை, அதன் முன்னே ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளிச் சுழற்றும் திருப்புமேடை, இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக யந்திரக் கூடம் என்று அது விரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் இவை பெருக்கிக் கட்டப்பட்டன.

அந்த யந்திரக் கூடத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். இன்றைய தொழிற்சாலையில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் உண்டு. அங்கேயோ ஒரே ஒரு நீராவி எஞ்சின், தரையில் ஊன்றிய நிலையில், விட்டத்தை ஒட்டிக் கூடத்தின் நீளத்துக்கும் ஓடும் இரும்புத் தண்டுகளைச் சுழற்றியது. தண்டுகளில் கோத்த கப்பிகளிலிருந்து வார்ப்பட்டைகள் கீழிறங்கி, லேத்துக்கும் துளையிடும் கருவிக்கும் இழைக்கும் யந்திரத்துக்கும் உயிர் கொடுத்தன. ஒரு தொழிலாளி தன் யந்திரத்தை நிறுத்த வேண்டுமானால், பட்டையை ஒரு கோலால் நகர்த்தி, வேலையற்றுச் சுழலும் பக்கத்துக் கப்பியின் மேல் ஏற்றிவிடுவான். தலைக்கு மேலே தண்டு மட்டும் நில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு மூச்சில் உயிர் வாழ்ந்த அந்தக் கூடத்தில்தான், 1913 முதல் எஃகினாலான நிலக்கரிப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார்கள். 1927-இல் பிரில் கம்பெனியிடம் உறுப்புகளை வாங்கி, பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி ஓடும் எம்-1 என்ற பிரயாணிகள் வண்டியையும் கோத்து முடித்தார்கள். 1911-க்கும் 1920-க்கும் இடையே பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்த ஆறு நீராவி எஞ்சின்களை நாற்பது வருஷ காலம் ஓடவைத்த கைகளும் இந்தப் பட்டறையின் கைகளே.

1956 ஏப்ரலில் எல்லாம் நின்றது. நிலக்கரிக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. பாதையும் வண்டியும் பட்டறையும் சேர்த்து விற்கப்பட்டன. வாங்கியவர் நிக் கோவால்சிக் என்னும் பழைய இரும்பு வியாபாரி. நம் வழக்கில் சொன்னால் காயலான் கடைக்காரர். கசாப்புக்காரனுக்கு விற்ற ஆட்டின் கதி என்னவென்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கசாப்புக்காரர் கத்தியைத் தீட்டவேயில்லை. தண்டவாளத்தைப் பெயர்க்காமல், எஞ்சின்களை உடைக்காமல், பட்டறையைப் பூட்டியபடியே வைத்திருந்தார். 1960-இல், பக்கத்து ஊரான ஆர்பிசோனியாவும் ராக்ஹில்லும் தங்கள் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய சமயத்தில், சில மைல் தூரம் பாதையைச் சீர்செய்து உல்லாசப் பிரயாணிகளுக்காக ரயிலை மறுபடி ஓடவிட்டார். 1964-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்தும் அதற்குக் கிட்டியது. வரலாற்றைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட எத்தனையோ ஸ்தாபனங்கள் சாதிக்காததை ஒரு காயலான் கடைக்காரர் சும்மா இருந்தே சாதித்தார் என்பது என் அபிப்பிராயம்.

எனினும் சும்மா இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மழை சும்மா இருப்பதில்லை. பட்டறைக் கட்டிடங்களில் பல மரச்சட்டங்களால் எழுப்பியவை. நூற்றாண்டுகளை உத்தேசித்து எவரும் அவற்றைக் கட்டவில்லை. கூரை ஒழுகினால் நீர் உத்தரத்தின் வழியே இறங்கும். சுவரின் அடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும் அடிவிட்டம் அந்த ஈரத்தைக் குடித்து உளுத்துப்போகும். அடிவிட்டம் உளுத்தால் தூண் அமிழும், சுவர் சாயும். மேலே தண்டுகளும் கப்பிகளும் தொங்கும் கூடத்தில் சுவர் சாய்ந்தால் யந்திரங்களின் கதி என்ன? உல்லாச ரயிலில் வந்த பணம் எஞ்சின்களின் பசிக்கே போதாமலிருந்தது. டிக்கெட் வாங்கும் ஜனங்களும் புகைபோக்கியைத்தான் பார்த்தார்கள். ஒழுகும் கூரையைப் பார்க்க எவர் காசு கொடுப்பார்?

கொடுப்பதற்கும் சிலர் முன்வந்தனர். 1983-இல், ஈஸ்ட் பிராட் டாப்பின் நண்பர்கள் என்ற பெயரில் ஒரு சங்கம் உருவாயிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சொந்தச் செலவில் வந்து கூடிய அந்தத் தொண்டர்கள், எஞ்சினை ஓட்டும் கௌரவத்தை நாடாமல், சேற்றில் முழங்காலிட்டுப் பட்டறைகளின் அஸ்திவாரத்தைத் தோண்டினார்கள். இந்த வேலையின் கிரமம் பொறுமையைச் சோதிப்பது. சுவரை முட்டுக் கொடுத்துத் தாங்கி, ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக உயர்த்தி, உளுத்த பாகத்தை மட்டும் அறுத்து எடுத்து, அடியில் கான்கிரீட் இட்டு, அதே அளவில் அறுத்த புது மரத்தைப் பொருத்தி, பின் சுவரைப் பழைய இடத்திலேயே இறக்கி அமர்த்த வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால், ஒன்றும் நடந்ததாகவே தெரியாது! கூரையும், சிறு சிறு கண்ணாடிகள் பதித்த ஜன்னல் சட்டங்களும் இதே நியாயத்தில் பழுது பார்க்கப்பட்டன.

இங்கே ஒரு தர்மசங்கடமும் உண்டு. கட்டிடத்தை உறுதியாக்க வேண்டும். ஆனால் அதைப் புதிதாக்கிவிடக் கூடாது. சுவரில் படிந்த கரியும், மேஜையில் ஊறிய எண்ணெயும், கடைசித் தொழிலாளி வைத்துவிட்டுப் போன இடத்திலேயே கிடக்கும் கருவியும்தானே அந்தக் கூடத்தின் சாசனங்கள்? நம் ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின் மேல் வர்ணம் அடித்துவிடும் பக்தர்களைக் கண்டு மனம் நொந்தவர்களுக்கு, இந்த நிதானத்தின் அருமை எளிதில் விளங்கும்.

2011-ஆம் ஆண்டின் பருவத்துக்குப் பிறகு ரயில் மறுபடி நின்றுபோயிற்று. ரயில் ஓடாத அந்த ஆண்டுகளிலும் தொண்டர்களின் சம்மட்டி ஓயவில்லை. 2020 பிப்ரவரியில், ரயில்வேத் துறையில் உயர்பதவி வகித்த விக் மூர்மன், ஹென்றி போஸ்னர் முதலியோர் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை ஒன்று, கோவால்சிக் குடும்பத்தாரிடமிருந்து பாதையின் 27 மைல்களையும் ராக்ஹில் பட்டறைகளையும் வாங்கியது. பணம் வந்து சேர்ந்தபோது அதைச் செலவிடுவதற்குப் பட்டறை இடிந்துவிழாமல் நின்றுகொண்டிருந்தது.

ஆறு எஞ்சின்களில் 16-ஆம் எண்ணுடையது, 1916-இல் பிறந்து, 1956-இல் நெருப்பணைந்தபின் உல்லாச ரயிலின் காலத்திலும் ஒருமுறைகூட ஓடாமல் வட்டக் கொட்டகையில் உறங்கிக் கிடந்தது. 2023-இல் அதன் கொதிகலனில் நீராவி மீண்டும் ஏறிற்று. அறுபத்தேழு வருஷம் கழித்து, தன் சொந்தக் கொட்டகையிலிருந்து, தன் சொந்தத் தண்டவாளத்தின் மேல், அது வெளியே வந்தது.