சென்சார் ஒரு கம்பெனி, லைட் இன்னொரு கம்பெனி: நடுவுல யாரு?

ஸ்மார்ட் ஹோம்னு ஆரம்பிச்சாலே அடிக்கடி வர்ற கேள்வி, "எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்கணுமா?" அவசியமே இல்லை. ஆனா வேற வேற கம்பெனி பொருட்களை எந்த இடத்துல வச்சு இணைக்கிறோம்னு பார்த்தே ஆகணும். இன்னைக்கு அது மட்டும்தான் பேசப்போறோம்.

எங்க வீட்டு உதாரணமே சொல்றேன். பாட்டி ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து பாத்ரூம் போவாங்க. இருட்டுல சுவிட்சைத் தேட வேண்டாமேன்னு கட்டில் பக்கத்துல ஒரு மோஷன் சென்சார். அது ஜிக்பீ. நடையில ஏற்கனவே இருந்தது வைஃபை பல்ப், வேற கம்பெனி. ரெண்டையும் ஒரு வாய்ஸ் அசிஸ்டன்ட் ஆப்ல சேர்த்து, அசைவு தெரிஞ்சா லைட் எரியணும்னு ரொட்டீன் போட்டா வேலை செய்யும். செஞ்சது.

எப்படிச் செய்யுதுன்னு பாருங்க. சென்சார் அதோட ஹப்புக்குச் சொல்லும். ஹப் இன்டர்நெட் வழியா அதோட கம்பெனி சர்வருக்கு. அங்கிருந்து வாய்ஸ் அசிஸ்டன்ட் சர்வர், அடுத்து பல்ப் கம்பெனி சர்வர், திரும்ப நம்ம வீட்டு ரவுட்டர், கடைசியா பல்ப். சென்சாருக்கும் பல்புக்கும் நடுவுல பத்து அடி தூரம்தான்! சில நேரம் மூணு செகண்ட் ஆகும். அதுக்குள்ள பாட்டி இருட்டுல நாலு எட்டு வச்சிருப்பாங்க. மழையில ஃபைபர் கேபிள் அறுந்தா லைட்டே எரியாது.

இதுக்குப் பேர் கிளவுட் டு கிளவுட். தாமதத்தை விட எனக்குப் பெரிய பிரச்சினையாத் தெரியுறது, இணைப்பு நம்ம கையில இல்லைங்கிறதுதான். அமெரிக்காவுல கராஜ் கதவு மோட்டார் செய்யுற சேம்பர்லெயின், 2023 நவம்பர்ல தன்னோட மைகியூ சர்வரை அனுமதி இல்லாத வெளி ஆப்கள் தொட முடியாதபடி அடைச்சது. அதே டிசம்பர்ல ஹோம் அசிஸ்டன்ட்ல இருந்து மைகியூ இணைப்பையே எடுத்துட்டாங்க. கதவு நல்லாத்தான் இருந்தது, மோட்டாரும் ஓடுச்சு. அறுந்தது இணைப்பு மட்டும்.

இன்ஸ்டியான் கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரல்ல சொல்லாம கொள்ளாம சர்வர் நின்னுபோச்சு, ஆப் செத்துப்போச்சு. ஆனா வீட்டுக்குள்ள ஒரு சுவிட்சை இன்னொரு சாதனத்தோட நேரடியா இணைச்சு வச்சிருந்தவங்களுக்கு அது மட்டும் வழக்கம்போல வேலை செஞ்சது. (அப்புறம் சில வாடிக்கையாளர்களே சேர்ந்து அந்த கம்பெனியை வாங்கினாங்க, அது தனி எபிசோட்!)

சரி, மேட்டர் வந்தாச்சே, இன்னும் ஏன் இந்தக் கவலைன்னு கேட்பீங்க. அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் சேர்ந்து 2019ல அறிவிச்சு, 2022 அக்டோபர்ல 1.0 வந்த ஸ்டாண்டர்ட் அது. நல்ல விஷயம்தான். கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே போகும். ஒரே பல்பை ரெண்டு மூணு கம்பெனி ஆப்ல சேர்க்கலாம். ஆனா நீங்க முன்னாடி வாங்கின ஜிக்பீ சென்சார் தானா மேட்டரா மாறாது. அதோட ஹப் மேட்டர் பிரிட்ஜா வேலை செய்யணும், அதுக்கு அந்த கம்பெனி அப்டேட் கொடுக்கணும். புதுசா வாங்குறவங்க மேட்டர் லோகோ பார்த்து வாங்குங்க. பழசு வச்சிருக்கவங்களுக்கு என் ஓட்டு ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத்தான்.

பௌலஸ் ஷௌட்சன் 2013ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. பழைய லேப்டாப்ல கூட ஓடும். ஒரு ஜிக்பீ யு.எஸ்.பி. டாங்கிள் சொருகினா, பெரும்பாலான ஜிக்பீ சென்சார்கள் கம்பெனி ஹப் இல்லாமலே நேரா இதுல சேர்ந்துடும். டாங்கிளை நீள யு.எஸ்.பி. கேபிள் போட்டுத் தள்ளி வைங்க. யு.எஸ்.பி. 3 போர்ட் பக்கத்துலயே இருந்தா அது கிளப்புற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். பல பேர் இது தெரியாம சென்சாரைத் திட்டிட்டு இருக்காங்க.

வைஃபை சாதனங்கள்ல ஒரு சிக்கல் இருக்கு. ஹோம் அசிஸ்டன்ட்ல சேருதுன்னாலே வீட்டுக்குள்ளயே பேசுதுன்னு அர்த்தம் இல்லை. அவங்க வெப்சைட்ல ஒவ்வொரு இணைப்புக்கும் லோக்கல் புஷ், லோக்கல் போலிங், கிளவுட் போலிங்னு வகை போட்டிருப்பாங்க. கிளவுட்னு இருந்தா, மறுபடியும் அதே ஊர் சுத்தல்தான். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியைப் பாருங்க. கடையில கேட்டா "எல்லாத்தோடயும் சேரும் சார்"னுதான் சொல்லுவாங்க.

எங்க வீட்டு வைஃபை பல்ப் கிளவுட் வகை. அதுவும் இல்லாம, பாட்டிக்கு லைட்டை சுவர் சுவிட்ச்ல அணைச்சுத்தான் பழக்கம். கரண்டே போகலைன்னா ஸ்மார்ட் பல்ப் வெறும் பல்ப் கூட இல்லை! அதனால சாதாரண எல்.இ.டி. மாட்டி, சுவிட்ச் பாக்ஸுக்குள்ள ஜிக்பீ ரிலே வச்சோம். சுவிட்ச் தட்டினாலும் எரியும், சென்சார் சொன்னாலும் எரியும். லேப்டாப் நின்னுபோனா கூட சுவிட்ச் வேலை செய்யும். இந்த வகை ரிலேக்கு நியூட்ரல் வயர் வேணும். பழைய வீடுகள்ல பல சுவிட்ச் பாக்ஸ்ல அது இருக்காது. எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க, நீங்களே கை வைக்காதீங்க. லேப்டாப் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. நடை லைட்டும் அதே லைன்தான். ராத்திரி கரண்ட் போனாலும், நெட் போனாலும், பாட்டி கால் கீழ வச்சதும் நடையில லைட் எரியுது.

அடுத்த எபிசோட்ல ரிமோட் ஃபேன். ரிமோட்டுக்கு மட்டும் கேட்கிற ஃபேன் இப்போ ஓடுதா நிக்குதான்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்னு பார்ப்போம். உங்க வீட்டுல எது எதோட சேர மாட்டேங்குதுன்னு எழுதி அனுப்புங்க.