மருந்து அடிக்கிற காட்டில் நமக்கும் பாதுகாப்பு வேணும்



"மருந்து அடிக்கிறது ஆம்பளைங்கதானே, நமக்கென்ன?" என்று குழுக் கூட்டங்களில் சொல்கிறீர்கள். டேங்குக்குத் தண்ணி சுமக்கிறது யாரு? மருந்து அடித்த பருத்திக்காட்டில் களை எடுக்கிறது யாரு? மருந்து பட்ட சட்டையைத் துவைக்கிறது யாரு? நாமதானே!

பூச்சிமருந்து மூச்சு வழியாக மட்டுமில்லை, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. டப்பாவில் உள்ள அடையாளத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான். மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளே சொல்கின்றன.

வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்து அடிக்கச் சொல்லுங்கள். எதிர்காற்றில் நிற்காதீர்கள். சோப்பு போட்டுக் குளித்த பிறகே பிள்ளைக்குப் பால் கொடுங்கள். மருந்துத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் வந்தால் உடனே காட்டை விட்டு வெளியே வந்து, துணியை மாற்றி, சோப்பு போட்டுக் கழுவுங்கள். 108-க்குப் போன் செய்து, மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒருத்தி கையுறை கேட்டால், "நாளைக்கு வேலைக்கு வராதே" என்பார்கள். கூலி போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் குழுவாகக் கேட்க வேண்டும். "கையுறை இல்லாமல் மருந்து கலக்க மாட்டோம், மருந்து அடித்த அன்று அந்தக் காட்டில் இறங்க மாட்டோம்" என்று அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.